இந்தக் கரையில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள்

செத்தவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டே பூர்வந்திக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கேள்விகள். காய்ச்சல் இருந்ததா, இருமல் இருந்ததா, மூச்சு வாங்கியதா, கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள். கேட்கிறவளுக்கும் அலுப்பு, சொல்கிறவர்களுக்கும் அலுப்பு. போய் இரண்டு வருஷமான மனிதரை மறுபடி பாயில் கிடத்தி, மறுபடி இரும வைத்து, மறுபடி தூக்கிக்கொண்டு போகிற வேலை அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. கால்களை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

பிழைப்புக்கு வழியில்லாமல் இதைச் செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் அவள் வீட்டு வாசலில் பெச்செல் வாங்க ஒரு கும்பலே நிற்கும். வேகவைத்த கீரையும் பயறும் அதன்மேல் அவள் அரைத்து ஊற்றும் கடலைச் சாந்தும் எங்கள் கெரிங்கான் கிராமத்தில் பிரசித்தம். அதுபோக, மாதத்துக்கு ஒரு நாள் ஊர்க் குழந்தைகளை எடை போடும் வேலையும் இருபது வருஷமாக அவள் கையில்தான் இருந்தது. சாரோங் துணியில் முடிந்து அவள் தராசில் தொங்காத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. அவள் வந்து நின்றால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். பெரிய ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவளைத் தேடி வந்ததும் அதனால்தான்.

அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். எங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் வேறொரு மாவட்டம். கொரோனா வந்த முதல் வருஷமே இந்தக் கரையில் சட்டம் போட்டுவிட்டார்கள்: முகக்கவசம் இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது, வைத்தால் சந்தையைக் கூட்டிப் பெருக்க வேண்டும், இல்லையென்றால் நடுத்தெருவில் தண்டால் எடுக்க வேண்டும். எதிர்க்கரையில் அந்தச் சட்டம் வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இரண்டு பக்கமும் ஒரே ஜனங்கள்தான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம், ஒரே மழையில் நனைகிறோம், ஒரே அரிசியைத் தின்கிறோம். அப்படியிருக்க, சட்டம் முன்னால் வந்த கரையில் சாவு குறைந்ததா இல்லையா? இரண்டு கரையிலும் அந்தக் காலத்தில் நடந்த எல்லாச் சாவையும் எண்ணி, ஒவ்வொரு வீட்டிலும் யார் முகக்கவசம் போட்டார்கள், யார் போடவில்லை என்று கேட்டு, அதை அளந்துவிடலாம் என்றார்கள். எதிர்க்கரையில் கேட்க வேறு ஆள், இந்தக் கரைக்குப் பூர்வந்தி.

கேட்டவுடனே பூர்வந்தி சரி என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

ஏனென்றால், இந்தக் கரையில் அந்தச் சட்டத்துக்குக் கை கால் முளைத்து நடந்தது என்றால் அது அவள் புருஷன் தர்மாஜியின் உருவத்தில்தான் நடந்தது. மாவட்ட ஒழுங்குப் படையில் அவர் சாதாரண ஆள். அதுவரை அவருடைய வேலை நடைபாதைக் கடைகளை ஓரமாக ஒதுக்கச் சொல்வதும், விழாவில் கூட்டத்தை விலக்குவதும்தான். சட்டம் வந்ததும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு விடியற்காலை சந்தைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஊர் முழுக்கத் திட்டியது. அவர் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம், ஊர் ஊராகச் சாவு விழுந்த அந்தப் பெரிய ஜூலை வந்தது. அந்த ஜூலையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. தர்மாஜிக்குக் காய்ச்சல் கண்டது, மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்ட விடவில்லை. வெள்ளை அங்கி போட்டவர்கள் பெட்டியை இறக்க, அவள் தள்ளி ரோட்டோரமாக நின்று பார்த்தாள். அடுத்து ஏழு நாள் ஓதலுக்கு ஒரு ஆள் வரவில்லை. அவள் பாயை விரித்துப்போட்டு, தேநீரைப் போட்டு வைத்து, ஏழு நாளும் தனியாக உட்கார்ந்து ஓதி, ஆறிப்போன தேநீரை வாழை மரத்தடியில் கொட்டினாள். பயம், வேறென்ன? யாரைக் குற்றம் சொல்வது?

அந்த மனிதர் பட்ட வசவுக்கு, விட்ட உயிருக்கு, இந்தக் கரையில் ஒரு ஜீவனாவது தப்பித்ததா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். தப்பித்தது என்று படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டால் போதும், காலம் பூராவும் நிம்மதியாகத் தூங்குவாள். அதற்காக எத்தனை வீட்டுப் படி வேண்டுமானாலும் ஏறத் தயாராக இருந்தாள்.

ஏறினாள். மழைக்காலம் போய் வெயில் வரும்வரை ஏறினாள். போன இடமெல்லாம் மரியாதை. "வாங்க இபு, உக்காருங்க இபு" என்று, அம்மா என்கிற மரியாதையோடு உள்ளே கூப்பிட்டு, மல்லிகைத் தேநீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சல், இருமல் என்று ஆரம்பித்துக் கடைசியில் முகக்கவசத்துக்கு வருவாள். கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடும்.

"வெளிய போறப்ப வீட்ல எல்லாரும் மாஸ்க்..."

"போட்டோம் இபு! எப்பவும் போட்டோம். கழட்டினதே இல்ல."

"வயலுக்குப் போறப்ப?"

"வயலுக்கும் போட்டுக்கிட்டுத்தான்."

ஒவ்வொரு 'போட்டோம்' என்ற சொல்லும் அவள் நெஞ்சில் பால் வார்த்தது. பார்த்தீர்களா, திட்டினாலும் கேட்டிருக்கிறார்கள், அவர் சொல் வீணாகவில்லை. வரும் வழியில் மயானத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்து, "இன்னிக்கும் எல்லாரும் போட்டேன்னுதான் சொன்னாங்க" என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருவாள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஆராய்ச்சிக்குத் தலைவர் பாக் இஸ்வந்தோ; பாக் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா. ஐம்பதை நெருங்கியவர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனவர், பேச ஆரம்பிக்கும் முன் ஒரு பெருமூச்சு விடுகிறவர். ஒரு நாள் மத்தியானம் அவராகவே கெரிங்கானுக்கு வந்தார். பெச்செல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். அதற்கப்புறமும் கிளம்பாமல் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க பாக். என்னமோ இருக்கு" என்றாள் பூர்வந்தி.

"இபு, கணக்கு ஒண்ணு இடிக்குது. எதிர்க்கரையில பாதி வீட்டுக்கு மேல மாஸ்க்கே போடலன்னு சொல்லிட்டாங்க. உங்க கரையில ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் எப்பவும் போட்டிருக்காங்க."

"ஆமா. அதுல என்ன இடிக்குது?"

"சாவு ரெண்டு கரையிலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்ப என்ன எழுதுவீங்க?"

"எல்லாரும் போட்ட ஊர்லயும் அத்தனை பேர்தான் செத்தாங்க, போடாத ஊர்லயும் அத்தனை பேர்தான் செத்தாங்கன்னா... போட்டும் பிரயோசனம் இல்லன்னு வரும், இபு."

"சட்டம் வீணா? அவர் சந்தையில நின்னது வீணா?"

"நான் அப்படிச் சொல்லல. எனக்கும் இது மனசுக்கு ஒப்பல. எங்கப்பாவும் அந்த ஜூலைலதான் போனார்." இன்னொரு பெருமூச்சு விட்டார். "மிச்சம் இருக்கிற வீட்டையும் முடிச்சிடுங்க. அப்புறம் பாப்போம்."

மிச்சம் இருந்தது நாலைந்து வீடுதான். அதில் ஒன்றை வேண்டுமென்றேதான் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தாள். சந்தையில் தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, விற்கும் கார்சினாவின் வீடு. சட்டம் வந்த புதிதில், முகக்கவசம் போடாததற்காகத் தர்மாஜி அவளைச் சந்தை முற்றம் முழுக்கக் கூட்டிப் பெருக்க வைத்தார். வாடிக்கையாளர்கள் பார்க்க, துடைப்பத்தோடு குனிந்து நிமிர்ந்தவள் அதற்கப்புறம் பூர்வந்தியிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பூர்வந்தியும் தெம்பே வாங்க வேறு கடைக்கு மாறிவிட்டாள். கார்சினாவின் அம்மாவும் அந்த ஜூலையிலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். அதனால் கேட்காமல் விட முடியாது.

பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். கார்சினா பின்கட்டில் வேகவைத்த சோயாவை வாழையிலையில் பொதிந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க, ஆபீசர் சம்சாரம். துடைப்பம் கொண்டாந்தீங்களா, இல்ல நானே எடுத்துக்கணுமா?"

"கேள்வி கேக்க வந்தேன், கார்சினா. உங்கம்மாவப் பத்தி."

"ஊரெல்லாம் கேட்டுட்டு இப்பத்தான் என் வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்? கேளுங்க. கை காலியா இல்ல, வாய்தான் காலியா இருக்கு."

தேநீரும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பூர்வந்தி ஒரு மணைக்கட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கார்சினா இலையை மடித்தபடி ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னாள். காய்ச்சல், இருந்தது. இருமல், இருந்தது. மூச்சு, வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு, கொண்டுபோகவில்லை, கொண்டுபோனால் மய்யித்தைக் கொடுக்க மாட்டார்கள், வீட்டிலேயே வைத்திருந்து நானே குளிப்பாட்டி அடக்கினேன், யார் கேட்டாலும் வயசாகிவிட்டது என்று சொன்னேன், போதுமா?

"வீட்ல எல்லாரும் மாஸ்க் போட்டீங்களா?"

"இல்ல."

பூர்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் இன்றுதான் கேட்டாள்.

"எப்பவுமேவா?"

"உங்க வீட்டுக்காரர் சந்தை முனைல தெரிஞ்சா மேல ஏத்துவோம். அவர் அந்தப் பக்கம் திரும்பினா தாடைக்கு இறக்கிடுவோம். நான் மட்டுமில்ல, சந்தை முழுக்க அப்படித்தான். அவர் வர்றதுக்கு முன்னாடி கோழிக் கடைக்காரன் ஒரு விசிலடிப்பான், அவ்வளவு பேரும் ஏத்துவாங்க. நல்லா வேடிக்கையா இருக்கும்."

"எல்லாரும் எப்பவும் போட்டேன்னு சொன்னாங்களே. ஊர் பூரா சொன்னாங்களே!"

கார்சினா அப்போதுதான் இலையைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட யாரு இல்லன்னு சொல்லுவா, சொல்லுங்க? அந்த மனுஷன் செத்ததுக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஏழு நாளும் நீங்க ஒத்தையா உக்காந்து ஓதினது அடுத்தடுத்த வீட்டுக்கெல்லாம் கேட்டுச்சு. அதே மூஞ்சிய வச்சுக்கிட்டு, உங்க புருஷன் சொன்னத நாங்க கேக்கலன்னும் சொல்லணுமா? எவளுக்கு வாய் வரும்? நான் சொல்றேன்னா, எனக்குத்தான் உங்க மேல ஏற்கெனவே கோவம் இருக்கே. எனக்கென்ன கூச்சம்?"

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'இல்லை' என்ற சொல் எங்களுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கும். பசிக்கிறதா என்று கேட்டால் பசிக்கவில்லை என்போம், வருவாயா என்று கேட்டால் வருகிறேன் என்போம், வரமாட்டோம். அதற்குச் சுங்கான் என்று பேர். கூச்சமும் மரியாதையும் எதிராளியின் மனசு நோகக் கூடாதே என்ற பயமும் சேர்ந்த ஒரு சரக்கு அது. பொய் என்று யாரும் நினைப்பதில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலில் வந்து நின்று, என் புருஷன் சொன்னதைக் கேட்டீர்களா என்று கேட்டால், கேட்டோம் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பதிலே தெரியாது. அன்றைக்கு வராமல் போனதற்கு ஊர் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைக் கணக்கு என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் மயானத்துப் பக்கம் அவள் பார்க்கவில்லை. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் இத்தனை படி ஏறினாள். ஏறிய படியெல்லாம் அவருக்கே குழி பறித்திருக்கிறது. எல்லோரும் போட்டார்கள், ஆனாலும் செத்தார்கள் என்று எழுதினால் அந்தப் பழி அவர் தலையில்தான் விழும். ஜனங்கள் போடவே இல்லை என்று தெரிந்தாலாவது பழி வேறு பக்கம் போகும். மனசு எரிந்தது அவளுக்கு. ஊர் மேல் எரிந்ததா, தன் மேல் எரிந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்கே பாக் இஸ்வந்தோவுக்குப் போன் போட்டாள்.

"பாக், நான் எழுதினது எதுவும் உதவாது. தூக்கிப் போட்டுடுங்க. என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்காங்க."

மறுமுனையில் வழக்கமான பெருமூச்சு கேட்டது. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, இபு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"நீங்களும் கூச்சப்பட்டீங்களா? நல்லா இருக்கு போங்க!" அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "யாராவது வெளியூர் ஆளா அனுப்புங்க. எங்கள மாதிரி ஆளா அனுப்பாதீங்க. வாய் கூசாத ஆளா அனுப்புங்க."

வந்தவள் பெயர் தியுர்மா. சுமத்ராவில் தோபா ஏரிக்கரையில் பிறந்த பாதாக் பெண், நாற்பது வயசு இருக்கும், கல் உடைக்கிற குரல். அந்த ஊர்க்காரர்கள் அன்பாக விசாரித்தாலே எங்களுக்குச் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும். கேள்விகளையும் மாற்றியிருந்தார்கள். முகக்கவசம் போட்டீர்களா என்று கேட்பதில்லை. பக்கத்தில் நின்று ஒருவரோடு பேசும்போது அது மூக்குக்கு மேல் இருந்ததா, கீழே இருந்ததா என்று கேட்கவேண்டும். முதல் வீட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் மறுபடி போகவேண்டும்.

ஊர் அரண்டுவிட்டது. தியுர்மா ஒரு வீட்டில் கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"போடலதானே? சும்மா சொல்லுங்க பாக்! நான் என்ன உங்களைக் கடிச்சா திங்கப்போறேன்?"

பூர்வந்தி அடுப்படியில் நிலக்கடலை வறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்காமல் எங்கே போவது? அடுத்த வீட்டு பாக் சமீரான், வயலுக்கும் போட்டுக்கொண்டுதான் போனேன் என்று அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர், இப்போது முனகுவது மூங்கில் தட்டி வழியே வந்தது.

"சேத்துல நின்னுக்கிட்டு எவன் போடுவான்? பாவம் பாக் தர்மாஜி வந்தா மட்டும் பாக்கெட்லருந்து எடுத்து மாட்டுவேன். அவர் போனதும் கழட்டிடுவேன்."

கடலை தீய்ந்தது. சாயங்காலம் பாக் சமீரான் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவள் வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்தடுத்த நாள்களில் தேங்காய் வந்தது, முட்டை வந்தது, ஒரு வீட்டிலிருந்து குஞ்சுகளோடு ஒரு கோழியே வந்தது. எல்லோரும் வைத்துவிட்டு ஓடினார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்?

கடைசிக்கு முந்தைய நாள் தியுர்மா அவள் வீட்டுப் படியும் ஏறினாள். அதுவும் சாவு விழுந்த வீடுதானே. இதுவரை யாரும் பூர்வந்தியிடம் எதுவும் கேட்டதில்லை. தன் வீட்டுக் கூடத்தில் கேள்வி கேட்கப்படுகிறவளாக உட்காருவது அவளுக்குப் புதுசாக இருந்தது. தேநீரில் அவளும் சர்க்கரையை அள்ளித்தான் போட்டாள்.

"காய்ச்சல் இருந்துச்சா இபு?"

"இருந்துச்சு."

"இருமல்? மூச்சுத் திணறல்?"

"ரெண்டும் இருந்துச்சு."

சொல்லச் சொல்ல அவர் மறுபடி அந்தப் பாயில் கிடந்தார், மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை வீட்டிலும் தான் செய்த வேலை இதுதான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

"வெளியில ஒருத்தர்கிட்ட பக்கத்துல நின்னு பேசறப்ப, இறந்தவர் மாஸ்க் மூக்குக்கு மேல இருக்குமா? எப்பவும், சில சமயம், இல்லவே இல்ல. மூணுல ஒண்ணு."

ஒழுங்குப் படைக்காரர்தானே, இதில் என்ன கேள்வி என்பதுபோல் தியுர்மா 'எப்பவும்' என்பதற்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோய்விட்டாள். பூர்வந்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"காலைல போறப்ப போட்டுக்கிட்டுத்தான் போவார். நானே தச்சுக் குடுத்தது. நடக்கறப்ப, நிக்கறப்ப எல்லாம் போட்டிருப்பார். ஆனா யார்கிட்டயாவது பேசணும்னா இறக்கிடுவார்."

"ஏன்?"

"முகத்த மூடிக்கிட்டு ஒருத்தர கண்டிக்கறது மரியாதையில்லையாம். திருடன் மாதிரி இருக்காம். என் மூஞ்சி தெரிஞ்சாத்தான் நான் கோவத்துல சொல்லலன்னு அவங்களுக்குப் புரியும்பார். இறக்கி, சிரிச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் போடச் சொல்வார். நான் எத்தனையோ தடவ சண்டை போட்டிருக்கேன். பேசறதுதானே அவருக்கு வேலையே. நாள் பூரா பேசணும்."

பூர்வந்தியால் இப்போது நிறுத்த முடியவில்லை.

"படுக்கறதுக்கு முந்தின வாரம் தினமும் சந்தையில ஒரு கெழவி பக்கத்துல குந்தி உக்காந்து பேசிட்டு வந்தார். அதுக்குக் காது கேக்காது. மாஸ்க் போடுங்க பாட்டின்னு காதுக்குள்ள போய்க் கத்தணும். இன்னிக்கு ஒத்துக்கிச்சு, நாளைக்குப் போட்டுடும்னு சந்தோஷமா வந்து சொன்னார். அன்னிக்கே அவருக்கு லேசா இருமல் இருந்துச்சு."

அந்தக் கல் உடைக்கிற குரலை அன்றைக்குத்தான் தணித்துக்கொண்டு தியுர்மா கேட்டாள். "சில சமயம்னு போட்டுக்கட்டுமா, இபு? சில சமயம்னா ஒண்ணும் தப்பில்ல."

"அட, நீங்களுமா?" என்றாள் பூர்வந்தி. "இல்லவே இல்லன்னு போடுங்க. பேசறப்ப ஒரு தடவகூட இருந்ததில்ல."

தியுர்மா குறித்துக்கொண்டாள்.

"அந்தக் கெழவி யாரு? அந்த வீடும் என் பட்டியல்ல இருக்கா?"

"நாளைக்குக் காலைல அங்கதான் போகப்போறீங்க. கார்சினாவோட அம்மா." பூர்வந்தி தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "கடைசியா உங்கம்மாகிட்ட யாரு பக்கத்துல உக்காந்து பேசினாங்கன்னு அவள கேளுங்க. ஊர்லயே அவ ஒருத்திதான் என்கிட்ட உள்ளத உள்ளபடி சொன்னவ. அவ கண்ணு முன்னாடிதான் நடந்தது, அவகூட இதச் சொல்லல."